பொசால் பட்டன் முடிச்சு: வார் எடுப்பது முதல் கடைசி இறுக்கம் வரை (அனுபவப் பகிர்வு)

குதிரையின் மூக்கில் மாட்டும் பொசால் வளையத்தின்மேல் தோல் வாரால் பின்னும் முடிச்சைத்தான் பட்டன் என்கிறோம். புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, வார் இன்னொரு வாரை எந்த இடத்தில் மேலே, எந்த இடத்தில் கீழே தாண்ட வேண்டும் என்றுதான். அது ஒரு சாயங்காலத்தில் கைக்கு வந்துவிடும். முடிச்சு கெடுவது அதற்கு வெகு முன்னாலேயே. வார் ஒரே அகலத்தில் இருக்காது, ஈரம் கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும், முடிச்சுக்கு அடியில் உள்தண்டின்மேல் கட்டிய மேடு கோணலாக இருக்கும். இந்த மூன்றையும் சரிசெய்யாமல் பின்னலை மட்டும் அவிழ்த்து அவிழ்த்துப் போடுவதில் பயனில்லை.

கலிபோர்னியாவின் வக்கேரோ குதிரைக்காரர்கள் வளர்த்த வேலை இது. வாயில் இரும்பு இல்லாமல், குதிரையின் மூக்குத்தண்டின்மேல் அமரும் பின்னல் வளையம்தான் பொசால். மூக்கின்மேல் நீளமான பட்டன், இரு பக்கமும் சிறு பட்டன்கள், தாடைக்கு அடியில் கனமான குதிமுடிச்சு. ரொமால் என்னும் சாட்டை முனையுள்ள கடிவாள வாரிலும் இதே பட்டன்கள் வரிசையாக வரும். அர்ஜென்டினாவின் கவுச்சோ குதிரைக்காரர்களிடம் இதற்கு இன்னொரு மரபு இருக்கிறது. அவர்கள் நூல்போல மெல்லிய வார்களை எடுத்துப் பின்னுவார்கள், நுண்வேலைக்குக் குதிரைக்குட்டித் தோலை விரும்புவார்கள். கலிபோர்னியாவில் இதே நுண்மைக்குப் பெயர் பெற்ற லூயிஸ் ஒர்டேகாவுக்கு 1986ல் அமெரிக்காவின் தேசிய பாரம்பரியக் கலை விருது கிடைத்தது. அவருடைய பட்டன்களைப் படத்தில் பார்த்தாலே போதும், வார் சமமாக இருந்தால் முடிச்சு எப்படி அமரும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

தோலிலிருந்து தொடங்குவோம். பதனிடாத கச்சாத்தோல், மாட்டுத்தோல், முடி நீக்கிக் காயவைத்தது. வயிற்றுப் பக்கமும் விலாவின் கீழ்ப்பக்கமும் இழுபடும், அங்கே வெட்டிய வார் ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் தடித்து நிற்கும். முதுகை ஒட்டிய பகுதிதான் வாருக்கு. உண்ணி கடித்த துளை, சூட்டுக்கோல் தழும்பு, கத்தி கீறிய இடம் இவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஒதுக்கிவிடுங்கள். இழுக்கும்போது வார் அறுவது அந்த இடத்தில்தான்.

வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து சுருளாக உள்ளே வெட்டிக்கொண்டே போக வேண்டும். 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத்திலிருந்து 5 மி.மீ. அகல வார் ஏறக்குறைய 6 மீட்டர் வரும். நடுவில் 5 செ.மீ. வட்டம் மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். அதற்குள் வளைவு மிக இறுகிவிடும், அந்த வார் எப்படி நீட்டினாலும் முறுக்கிக்கொள்ளும். வெட்டிய சுருளை நனைத்து, இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிக் காயவிடுங்கள். இழுபட வேண்டியது இங்கேயே இழுபட்டுவிட வேண்டும், முடிச்சில் வந்து இழுபடக் கூடாது. காய்ந்தபின்தான் கடைசி அகலத்துக்கு (பட்டனுக்கு 2.5 மி.மீ. நல்ல அளவு) வெட்டி, தடிமனைச் சீவி, மேல்பக்கத்து இரண்டு ஓரங்களின் கூர்மையையும் இழைத்து எடுக்க வேண்டும். ஓரம் இழைக்காத வார் பக்கத்து வாரின்மேல் ஏறி உட்காரும். முடிச்சு முழுக்கச் சின்னச் சின்னப் படிகளாகத் தெரியும், விரலால் தடவினால் சொரசொரக்கும்.

ஈரம் பற்றி இன்னும் நிறையச் சொல்லலாம். தண்ணீரில் ஊறவைத்து எடுத்ததும் பின்ன உட்காருவது பெரிய தப்பு. வெளியே சொதசொதவென்று இருக்கும், உள்ளே விறைப்பாக இருக்கும். நனைத்த வாரை ஈரத் துணியில் சுற்றி, மூடிய பிளாஸ்டிக் பையில் ஓர் இரவு வைத்தால் ஈரம் சமமாகப் பரவும். வெயில் காலத்தில் பையைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், வெளியில் விட்டால் நாற்றம் பிடிக்கும். சரியான பதத்தில் வார் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், மடித்தால் சத்தம் வராது, நகத்தால் அழுத்தினால் நீர் கசியாது. ஈரம் கூடினால் இழுக்க இழுக்க நீளும். காய்ந்ததும் ஒவ்வொரு வாரும் அகலத்தில் சுருங்கி, நடுவில் இடைவெளி விழும். நேற்றுக் கல்போல் இருந்த பட்டன் இன்று இளித்துக்கொண்டு நிற்பது இதனால்தான். ஈரம் குறைந்தாலோ ஓர வளைவில் மேல்தோல் வெடிக்கும். மிருதங்கத்துக்கு எருமைத்தோல் வார் பிடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பதம் புதிதாக இருக்காது.

வார் நழுவி ஓட, சீவிய சோப்பும் மாட்டுக் கொழுப்பும் தண்ணீர் விட்டுக் காய்ச்சிய பசையை மெல்லத் தடவலாம். தயிர்ப் பதம் போதும். அடிமேட்டின்மேல் மட்டும் பட விடாதீர்கள்.

*

மேலே சொன்னதோடு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பட்டன்களுக்கும் தாய் டர்க்ஸ் ஹெட் முடிச்சு. அதற்கு இரண்டு எண்கள். ஓரத்தில் தெரியும் வளைவுகள் எத்தனை என்பது ஒன்று, தண்டைச் சுற்றி வார் எத்தனை முறை ஓடுகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பாகம் என்போம். இந்த இரண்டு எண்ணுக்கும் 1 தவிரப் பொது வகுத்தி இருக்கக் கூடாது. 5 பாகம் 4 வளைவு சரி. 6 பாகம் 4 வளைவு ஒரே வாரில் வராது. பாதியிலேயே வார் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிடும், மீதியை இன்னொரு வாரால்தான் முடிக்க முடியும். கை தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பவர்கள் முதலில் எண்ணைப் பாருங்கள்.

5 பாகம் 4 வளைவைக் குண்டூசி வைத்துக் கற்பது எளிது. 32 மி.மீ. விட்டமுள்ள தடித்த அட்டைக்குழல் எடுங்கள், சுற்றளவு 10 செ.மீ. வரும். சுற்றளவை 8 சம பங்காக்கி 0 முதல் 7 வரை எண் போடுங்கள். இடது ஓரத்தில் 0, 2, 4, 6 இடங்களிலும், 5 செ.மீ. தள்ளி வலது ஓரத்தில் 1, 3, 5, 7 இடங்களிலும் ஊசி குத்துங்கள். கற்பதற்கு 3 மி.மீ. நைலான் கயிறு போதும். ஒவ்வொரு ஓட்டத்திலும் எண் ஏறும் திசையிலேயே 5 பங்கு நகர்ந்து எதிர் ஓரத்துக்குப் போக வேண்டும். திசை ஒருபோதும் மாறாது.

இடது 0லிருந்து வலது 5க்கு: குறுக்கே எதுவும் இல்லை.
வலது 5லிருந்து இடது 2க்கு: மேலே.
இடது 2லிருந்து வலது 7க்கு: மேலே.
வலது 7லிருந்து இடது 4க்கு: கீழே, மேலே.
இடது 4லிருந்து வலது 1க்கு: கீழே, மேலே.
வலது 1லிருந்து இடது 6க்கு: மேலே, கீழே, மேலே.
இடது 6லிருந்து வலது 3க்கு: மேலே, கீழே, மேலே.
வலது 3லிருந்து இடது 0க்கு: கீழே, மேலே, கீழே, மேலே.

தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டீர்கள். ஒரே ஓட்டத்துக்குள் அடுத்தடுத்து இரண்டு மேலே வந்தால் அதற்கு முந்தைய ஓட்டத்தில் பிழை இருக்கிறது, அங்கே திரும்பிப் போய்ப் பாருங்கள்.

இப்படி முழுக்க ஒருமுறை ஓடி முடித்தது ஒரு வரி. அடுத்து முதல் வரியை ஒட்டியே இரண்டாவது, மூன்றாவது வரி ஓட்ட வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். புது வார் பழைய வாருக்கு வலக்கைப் பக்கம் ஓடினால் கடைசிவரை வலக்கைப் பக்கமே ஓட வேண்டும். அப்படி ஓடும்போது ஓர் ஓரத்து வளைவில் அது உள்ளே விழும், எதிர் ஓரத்து வளைவில் வெளியே விழும். அது சரிதான். ஒழுங்கில்லாமல் இருக்கிறதே என்று வெளியே விழுந்ததை உள்ளே தள்ளினால் அந்த இடத்தில் வார்கள் ஒன்றையொன்று தாண்டிவிடும், அதற்குப் பிறகு எதுவும் நேராக வராது.

வார் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. 16 மி.மீ. தண்டு, சுற்றளவு 50 மி.மீ. பட்டனின் அகலம் 25 மி.மீ. அகலத்தை வளைவின் இருமடங்கால் பெருக்குங்கள்: 25 × 8 = 200. சுற்றளவைப் பாகத்தால் பெருக்குங்கள்: 50 × 5 = 250. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 320 மி.மீ. ஒரு வரிக்கு இவ்வளவு. மூன்று வரிக்கு 960. கைப்பிடிக்கும் இழுப்புக்கும் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 1.3 மீட்டர்.

வாரின் அகலத்துக்கும் ஒரு சோதனை உண்டு. பின்னல் எங்கும் இரண்டு அடுக்காகத்தான் படிகிறது. எனவே மொத்த நீளம் × வார் அகலம், பட்டன் பரப்பின் இரண்டு மடங்கை ஒட்டி வர வேண்டும். இங்கே பரப்பு 50 × 25 = 1250, இருமடங்கு 2500. 2.5 மி.மீ. வாருக்கு 960 × 2.5 = 2400, கச்சிதம். 3 மி.மீ. எடுத்தால் 2880, நெருக்கடியில் வார் செங்குத்தாகத் திரும்பி நிற்கும். 2 மி.மீ. என்றால் 1920தான், அடிமேடு வெளியே தெரியும்.

*

இறுக்குவது பற்றி. ஒரே சுற்றில் இறுக்கி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் முடிச்சைக் கொன்றுவிடும். தொடக்க முனையிலிருந்து வார் போன வழியிலேயே முழுக்கப் போய், ஒவ்வோர் இடத்திலும் மழுங்கிய குத்தூசியால் நெம்பி 2 மி.மீ. மட்டும் தளர்வை எடுத்து முன்னால் தள்ளுங்கள். கடைசி முனைக்கு வந்ததும் மறுபடி தொடக்கத்திலிருந்து. மூன்று சுற்றாவது வேண்டும். முதல் சுற்றிலேயே பலமாக இழுத்தால் அங்கே வளைவு உள்வாங்கி, ஓரம் அலை அலையாகிவிடும். நடுவில் வார் வறண்டால் ஈரத்துணியை ஐந்து நிமிடம் போர்த்திவிட்டுத் தொடருங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். குறடால் பிடித்து இழுத்தால் பல் பதியும், அந்தத் தடம் போகவே போகாது.

இறுக்கி முடித்ததும் இரண்டு வழவழப்பான பலகைக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். வார்கள் தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டி அமரும். முனைகளை மூன்று நான்கு பின்னலுக்கு அடியில் செருகி ஒட்ட வெட்டுங்கள். பசை வேண்டாம். சரியான பதத்தில் போட்ட கச்சாத்தோல் நிழலில் காயும்போது தானே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

பட்டன் நகர்ந்துபோகிறது என்று வரும் புகார்களில் முடிச்சைக் குறை சொல்வதற்குமுன் அடியைப் பாருங்கள். உள்தண்டில் எண்ணெய் அதிகமாக இருந்திருக்கும், அல்லது மேட்டைத் துணிநாடாவால் கட்டியிருப்பார்கள். மேட்டைத் தோல் வாராலோ கச்சாத்தோலாலோ கட்டி, தண்டோடு இரண்டு மூன்று தையல் போட்டுவிட்டால் அசையாது. நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிவாக இறங்க வேண்டும். காகிதக் கனத்துக்கு ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலும் காய்ந்தபின் பட்டனில் அப்படியே தெரியும்.

*

இரண்டு நிறம் வேண்டுமென்றால் ஒரு வார்த்தை. சாயமிட்ட வாரும் கச்சாத்தோலாகவே இருக்கட்டும். வெள்ளைக் கச்சாத்தோலில் கறுப்புப் பதனிட்ட தோலை ஊடாக விட்டால் போடும்போது அழகாக இருக்கும். காயும்போது ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, கறுப்பு வார் தொளதொளவென்று மேலே எழும். இரண்டு மேல் இரண்டு கீழ் என்று ஓடும் கவுச்சோ முடிச்சுக்குப் போகிறவர்கள், 5 பாகம் 4 வளைவை அதே வாரால் 7 பாகம் 6 வளைவாக வளர்க்கும் பயிற்சியை முதலில் முடித்துவிட்டுப் போங்கள். ஒட்டி ஓடிய வார் இரட்டைகளை நடுவில் பிளந்துகொண்டு திரும்பும் அந்த அசைவுதான் பெரிய முடிச்சுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

*

குதிரை பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க வேண்டும். மேசைமேல் அழகாக இருக்கும் பொசால் குதிரையின் தாடையில் புண் உண்டாக்கினால் அது வேலையே இல்லை. வார் முனைகளை எப்போதும் வெளிப்பக்கத்தில் மறையுங்கள். தாடை எலும்பில் உராயும் உள்பக்கத்தில் முனை இருந்தால் நாளாக ஆக வெளியே நீட்டிக் குத்தும். முடித்தபின் ஒரு பஞ்சு உருண்டையை உள்பக்கம் முழுக்கத் தேய்த்துப் பாருங்கள். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே ஓரம் சரியாக இழைக்கவில்லை.

உள்தண்டும் கச்சாத்தோலாக இருக்கட்டும். இரும்புக் கம்பிவடம் போட்டால் வேலை சுலபம், ஆனால் குதிரையின் முகத்துக்கு ஏற்ப வடிவம் பிடிக்காது. குதிமுடிச்சின் கனம் மூக்குப் பட்டனோடு பொருந்த வேண்டும். கையை விட்டதும் குதி தானே கீழே இறங்கித் தாடையை விட வேண்டும். அந்த விடுதலைதான் குதிரைக்குக் கிடைக்கும் பதில். குதி லேசாக இருந்தால் பிடி தளர்ந்தது குதிரைக்குத் தெரிவதில்லை, அது தலையை உதறத் தொடங்கும்.

பராமரிப்பில் அதிக எண்ணெய்தான் முதல் எதிரி. கச்சாத்தோல் எண்ணெய் குடித்தால் துவண்டு, பட்டன் பிடியை விடும். மாட்டுக் கொழுப்போடு தேன்மெழுகு கலந்து, விரல் நுனியில் எடுத்து மெல்லப் பூசித் துடைத்துவிட்டால் போதும். பொசாலை அதன் வடிவத்துக்கு வெட்டிய மரக்கட்டையில் மாட்டி, நாயும் எலியும் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். இரண்டுக்கும் இது தீனிதான், ஒரு ராத்திரியில் மூக்குப் பட்டனைத் தின்று தீர்த்துவிடும்.