குழு: பட்டாளத்தார் வீடு

வேலூர் அத்தை: அப்பா படித்த பள்ளியின் நூற்றாண்டு விழாவில், பட்டாளத்துக்குப் போன பழைய மாணவர்களின் படங்களை வைக்கிறார்களாம். தலைமையாசிரியர் நேற்று வீடு தேடி வந்து கேட்டார். அப்பாவின் படத்தோடு, டிரங்குப் பெட்டியில் இருக்கும் ரிப்பன் பட்டையையும் (பதக்கங்களுக்குப் பதிலாகச் சட்டையில் குத்தும் ஆறு ரிப்பன்களின் வரிசை) கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்க விரும்புகிறேன். எந்த ரிப்பன் எதற்குக் கொடுத்தது என்று கீழே எழுத வேண்டும். சட்டம் போடுபவர் வியாழக்கிழமைக்குள் கேட்கிறார்.

(படம்)

பெரியப்பா: ஆறும் வெள்ளைக்காரன் கொடுத்தவை. "இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள்" என்று எழுதினால் போதும்.

கோவை அக்கா: முதலில் இருக்கும் சிவப்பு, வெள்ளை, நீல ரிப்பன்தான் எல்லாவற்றிலும் பெரியதா, பெரியப்பா?

பெரியப்பா: முதலில் குத்தியிருக்கிறார் என்றால் பெரியதாகத்தான் இருக்கும்.

பெங்களூருச் சித்தப்பா: அண்ணா, மன்னிக்க வேண்டும், படமே தலைகீழாக இருக்கிறது. வலது ஓரத்தில் இருக்கும் ரிப்பனைப் பாருங்கள். கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று சம அளவுக் கோடுகள் கொண்ட அது, 1939-45 நட்சத்திரம் என்ற பதக்கத்துக்கு உரியது. கருநீலம் கடற்படைகளுக்கு, சிவப்பு தரைப்படைகளுக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. மார்பில் குத்தும்போது கருநீலம் இடது தோளுக்குத் தொலைவில், அதாவது பார்ப்பவருக்கு இடப்பக்கமாக வர வேண்டும். அத்தையின் படத்தில் வெளிர்நீலம் இடப்பக்கம் இருக்கிறது. பட்டையைத் திருப்பி வைத்தால் கடைசியில் இருப்பது முதலுக்கு வந்துவிடும். முதலில் தெரிந்த சிவப்பு, வெள்ளை, நீல ரிப்பன் கடைசிக்குப் போய்விடும்.

வேலூர் அத்தை: ஒரு ரிப்பனில் குத்தியிருக்கும் அந்த 8 நேராகத்தானே இருந்தது என்று வைத்துவிட்டேன்.

பெங்களூருச் சித்தப்பா: எட்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் எட்டுதான், அக்கா. அது குத்தியிருக்கும் ரிப்பன் ஆப்பிரிக்க நட்சத்திரம். மணல் நிறம் பாலைவனத்தைக் குறிக்கிறது. நடுவில் அகலமான சிவப்புக் கோடும், இருபுறமும் மெல்லிய கருநீல, வெளிர்நீலக் கோடுகளும் இருக்கும். அந்த எட்டு அப்பாவின் ரெஜிமென்ட் எண் இல்லை. 1942 அக்டோபர் 23 முதல் 1943 மே 12 வரை பிரிட்டனின் எட்டாவது ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த அடையாளம் அது. அந்த அக்டோபர் 23 எகிப்தில் இரண்டாம் எல் அலமெய்ன் போர் தொடங்கிய நாள்.

கோவை அக்கா: அது வீட்டு எண் என்று தாத்தா எனக்குச் சொன்னாரே!

பெங்களூருச் சித்தப்பா: உனக்கு அப்போது நான்கு வயது, அம்மா. அடுத்தது, ஓரங்களில் சிவப்பும் நடுவில் பச்சையும் இடையில் வெள்ளையுமாக இருப்பது இத்தாலி நட்சத்திரம். இத்தாலியக் கொடியின் நிறங்கள். நான்காவது, நடுவில் நெருப்பின் ஆரஞ்சு, இருபுறமும் பச்சை, பச்சைக்குள் மெல்லிய கறுப்புக் கோடு. அது பாதுகாப்புப் பதக்கம். ஐந்தாவது 1939-45 போர்ப் பதக்கம், இருபத்தெட்டு நாள் பணி இருந்தாலே கிடைத்தது. இந்த ஐந்தும் அப்பா சேவை செய்த படையின் அரசரே கொடுத்தவை. ஆறாவதுதான் வேறு நாட்டுடையது என்று நினைக்கிறேன். தம் நாட்டு விருதுகளுக்குப் பிறகே வெளிநாட்டு விருதைக் குத்த வேண்டும் என்பது விதி; அதையும் மன்னரின் அனுமதி இல்லாமல் அணியக் கூடாது. எனவே கடைசியில் இருப்பதுதான் இந்தப் பட்டையிலேயே அரிதான ரிப்பன்.

தம்பி: ஐந்தாவதும் ஆறாவதும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. இரண்டிலும் சிவப்பு, வெள்ளை, நீலம்தான் இருக்கின்றன.

பெங்களூருச் சித்தப்பா: நடுக்கோட்டையும் ஓரத்தையும் மட்டும் பார். போர்ப் பதக்கத்தின் நட்டநடுவில் மெல்லிய சிவப்புக் கோடு. இரண்டு ஓரங்களும் அகலமான சிவப்பு. ஆறாவதில் நடுக்கோடு நீலம். அதை ஒட்டி இருபுறமும் வெள்ளை இழை. பிறகு அகலமான சிவப்பு. ஓரத்தில் மறுபடியும் வெள்ளை இழை. அது அமெரிக்காவின் வெண்கல நட்சத்திரப் பதக்கம். 1944 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் ஆணையால் ஏற்படுத்தப்பட்டது.

தம்பி: இணையத்தில் வெள்ளி நட்சத்திரம் என்று ஒன்றும் வருகிறது, சித்தப்பா.

பெங்களூருச் சித்தப்பா: அதில் நடுக்கோடு சிவப்பு.

பெரியப்பா: அப்பா பிரெஞ்சுக்காரர்களோடு இருந்ததாகச் சொல்வாரே. அது ஏன் பிரான்ஸ் கொடுத்ததாக இருக்கக் கூடாது?

பெங்களூருச் சித்தப்பா: அந்தப் போரில் பிரான்ஸ் கொடுத்த போர்ச் சிலுவையின் ரிப்பன், சிவப்பில் நான்கு பச்சைக் கோடுகள் கொண்டது, அண்ணா. இதில் பச்சையே இல்லை. கண்ணை நம்ப வேண்டாம், அளந்தே பார்க்கலாம். பிரிட்டிஷ் ரிப்பனின் அகலம் 32 மில்லிமீட்டர், அமெரிக்க ரிப்பன் 35 மில்லிமீட்டர். அக்கா, அளவுகோல் இருக்கிறதா?

வேலூர் அத்தை: பேரனின் ஜாமெட்ரி பாக்ஸைத் தேடி எடுத்தேன். முதல் ஐந்தும் ஒரே அகலம். கடைசி ரிப்பன் ஒரு நூல் கூடுதலாக இருக்கிறது; முப்பத்தைந்தைத் தொடுகிறது.

நான்: இந்தியப் படையில் இருந்த தாத்தாவுக்கு அமெரிக்கா எதற்காகப் பதக்கம் கொடுக்க வேண்டும்?

பெங்களூருச் சித்தப்பா: 1944 தொடக்கத்தில் நான்காவது இந்தியப் படைப்பிரிவு இத்தாலியில் காசினோ மலையின் கீழ் நின்றது. அப்போது அது அமெரிக்கத் தளபதி மார்க் கிளார்க்கின் ஐந்தாவது ராணுவத்துக்குள் இருந்தது. மலையின் பின்புறம் டாங்குகள் ஏறுவதற்குப் பாதை வெட்டியவர்கள் இந்திய, நியூசிலாந்து சாப்பர்கள், அதாவது ராணுவப் பொறியாளர் படையினர். அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ். "காசினோவில் கல் உடைத்தேன்" என்று அவர் சொன்னதை நாம் எல்லோரும் ஏதோ கூலி வேலை என்று நினைத்துக்கொண்டோம்.

பெரியப்பா: அப்படியானால் "அமெரிக்கா வழங்கிய வீரப் பதக்கம்" என்று பெரிய எழுத்தில் போட வேண்டும்.

பெங்களூருச் சித்தப்பா: அப்படி எழுதக் கூடாது, அண்ணா. வெண்கல நட்சத்திரத்தை வீரச் செயலுக்கும் கொடுப்பார்கள், பாராட்டத்தக்க பணிக்கும் கொடுப்பார்கள். ரிப்பனைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

பெரியப்பா: நான் எதைச் சொன்னாலும் நீ மறுப்பாய். பதக்கங்களை நான் வெள்ளிக்கடையில் போட்டுவிட்டேன் என்று ஊர் முழுவதும் சொன்னவன்தானே நீ?

வேலூர் அத்தை: என் கல்யாணச் செலவுக்கு விற்றதாகத்தான் என் மாமியார் வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். ஐம்பது வருடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெங்களூருச் சித்தப்பா: அண்ணா, அதைச் சொன்னது என் தவறு. இன்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன். மூன்று நட்சத்திரங்களும் செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம்; மற்ற இரண்டும் செம்பும் நிக்கலும் கலந்தவை. வெள்ளி அவற்றில் இல்லவே இல்லை. அவற்றைக் கொண்டுபோயிருந்தால் எந்தக் கடைக்காரரும் திருப்பித்தான் கொடுத்திருப்பார். பட்டாளத்தில் இருந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பெரியப்பா: அந்தப் பெட்டியில் நான் ஒரு நாளும் பதக்கத்தைப் பார்த்ததில்லை. பட்டை மட்டும்தான் இருந்தது.

பெங்களூருச் சித்தப்பா: அது நடந்திருக்கக் கூடியதுதான். ரிப்பன்களை முதலில் கொடுத்துவிட்டார்கள். பதக்கங்களை வார்த்தது போர் முடிந்த பிறகு. அப்பா 1946-இல் ஊருக்கு வந்துவிட்டார்.

கோவை அக்கா: பெரியப்பா, சித்தப்பா, இருவரும் விழாவுக்கு ஒரே காரில் வாருங்கள்.

நான்: இப்போதைக்கு இப்படி எழுதலாமா? "இடமிருந்து வலமாக: 1939-45 நட்சத்திரம், ஆப்பிரிக்க நட்சத்திரம் (எட்டாவது ராணுவம்), இத்தாலி நட்சத்திரம், பாதுகாப்புப் பதக்கம், 1939-45 போர்ப் பதக்கம், அமெரிக்க வெண்கல நட்சத்திரம்."

பெங்களூருச் சித்தப்பா: கடைசிப் பெயருக்கு முன்னால் "ரிப்பனின்படி" என்று சேர்த்துவிடு. விருதுப் பரிந்துரைகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 373 என்ற வரிசையில் இருக்கின்றன. அப்பாவின் படை எண் கிடைத்தால் அங்கே தேடலாம். அல்சூரில் உள்ள எங்கள் மையத்திலும் நான் நேரில் போய்க் கேட்கிறேன்.

பெரியப்பா: "ரிப்பனின்படி" என்றால் பார்ப்பவர்கள் சந்தேகப்படுவார்கள். அந்தச் சொல் வேண்டாம்.

வேலூர் அத்தை: அதை வியாழக்கிழமை காலையில் முடிவு செய்யலாம். பெட்டியின் அடியில் துணியில் சுற்றிய டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் ஒன்று இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருப்பதால் நான் இதுவரை பிரித்ததில்லை. படை எண் அதில் இருக்குமா, தம்பி?

பெங்களூருச் சித்தப்பா: இருக்கும், அக்கா. நீங்கள் பிரிக்க வேண்டாம், நாளைக் காலை ரயிலில் நானே வருகிறேன்.

பெரியப்பா: காட்பாடி நிலையத்துக்கு நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். எத்தனை மணிக்கு?