"நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்?" – காப்பீடு இல்லாததற்கு அபராதம் கட்டியவர்கள்

2017ல் வரி சீசன் முழுக்க, சனிக்கிழமைதோறும் கலிபோர்னியாவில் எங்கள் ஊர் நூலகத்தில் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் தன்னார்வலராக இருந்தேன். வருமானம் 54,000 டாலருக்குள் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, காப்பீடு எடுக்காதவர்கள் வரியோடு கட்ட வேண்டியிருந்த அபராதத்தைப் பற்றி டிவியில் எவ்வளவோ கேட்டிருந்தாலும், அது ஒருவர் முகத்தில் என்ன செய்யும் என்பதை அந்த மேசையில்தான் பார்த்தேன்.

மார்ச்சில் ஓர் உணவகச் சமையல்காரர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். முதலாளி தரும் வருடச் சம்பளக் கணக்கான டபிள்யூ-2 படிவத்தை நான்காக மடித்து ஒரு மஞ்சள் உறையில் வைத்திருந்தார். முதலாளி காப்பீடு தரவில்லை, இவரும் எடுக்கவில்லை. 2016க்கான விதிப்படி ஆளுக்கு 695 டாலர், அல்லது வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டிய வரம்புக்கு மேலான வருமானத்தில் 2.5 சதவீதம், எது அதிகமோ அது. அவருக்கு 695 வந்தது. திரையில் ரீஃபண்ட் தொகை 900 சொச்சத்திலிருந்து 200 சொச்சத்துக்கு இறங்கியதைப் பார்த்தவர், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்?"

விலக்கு ஏதாவது பொருந்துமா என்று தேடினேன். மிக மலிவான திட்டத்தின் பிரீமியமே வருமானத்தில் 8.13 சதவீதத்தைத் தாண்டினால் அபராதம் கிடையாது. பிரீமியத்துக்கு அரசு தரும் மானியம் போக அவருக்கு அந்த அளவுக்கு வரவில்லை. அதாவது, அவரால் காப்பீடு எடுத்திருக்க முடியும். முன்பு ஒருமுறை விசாரித்தபோது யாரோ முழு விலையைச் சொல்லியிருக்கிறார்கள். மானியம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அதைவிடக் கொடுமை, 2017 காப்பீட்டில் சேரும் காலம் ஜனவரி 31ஓடு முடிந்திருந்தது. 2017க்கும் அபராதம் உறுதி என்பதை நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

அதே மாதம் வந்த ஓர் இளைஞனுக்கு வருத்தமே இல்லை. "பிரீமியத்தைவிட அபராதம் குறைச்சல், அதையே கட்டிடறேன்" என்றான். பக்கத்து நாற்காலியில் காத்திருந்த பெண்மணி அவனைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பழைய புற்றுநோய். நோயைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்ற விதி வந்த 2014க்கு முன் காப்பீட்டு நிறுவனங்கள் அவருடைய விண்ணப்பத்தை நிராகரித்திருந்தன. "உன்னைப் போல ஆரோக்கியமானவங்களும் சேர்ந்தாத்தான் தம்பி எனக்கெல்லாம் கொடுக்க முடியும்" என்றார். அவன் பதில் பேசவில்லை.

ஒபாமாகேரில் மக்களுக்கு மிகவும் பிடிக்காத பகுதி இந்தக் கட்டாயம்தான் என்று கைசர் அறக்கட்டளையின் கருத்துக்கணிப்புகள் வருடக்கணக்காகக் காட்டின. நோய் இருப்பவரை மறுக்கக் கூடாது என்ற பகுதியோ பெரும்பாலோருக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெண்மணி சொன்னதை யாராவது முன்பே இவ்வளவு எளிமையாகச் சொல்லியிருக்கலாம். மானியம் இருக்கிறது என்ற செய்தி அந்தச் சமையல்காரரைத் தேடி வரவில்லை, அபராதம் மட்டும் சரியாகத் தேடி வந்தது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான்.

நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

நியூஜெர்சியிலிருந்து: 2016 ஏப்ரல் 30ல் எனக்கு வேலை போனது. புது வேலையின் காப்பீடு ஆகஸ்ட் 1ல்தான் தொடங்கியது. பழைய வேலையின் காப்பீட்டையே சொந்தக் காசில் தொடரும் கோப்ரா திட்டம் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. இடைவெளி மூன்று மாதத்துக்குக் குறைவாக இருந்தால்தான் விலக்கு. மாதத்தில் ஒரு நாள் காப்பீடு இருந்தாலும் அது முழு மாதமாகக் கணக்கு. ஜூலை 31ல் தொடங்கியிருந்தால் தப்பித்திருப்பேன். ஒரு நாளில் மூன்று மாத அபராதம்!

பாஸ்டனிலிருந்து: இங்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காப்பீட்டைக் கட்டாயமாக்கும் சட்டம் 2006லேயே, ராம்னி கவர்னராக இருந்தபோது வந்துவிட்டது. காப்பீடு இருந்ததற்குச் சான்றாக வருடா வருடம் 1099-எச்சி படிவம் வரும், வரியோடு சேர்த்துக் காட்டிவிடுவோம். வறுமைக் கோட்டின் 150 சதவீதம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு அபராதமே இல்லை. என் வட்டத்தில் யாரும் இதைப் பெரிதாகப் பேசிக் கேட்டதில்லை.

முதல் பதிவர்: நியூஜெர்சி நண்பருக்கு, உங்கள் கணக்கு சரிதான். மத்திய அபராதம் 2019லிருந்து பூஜ்யமாகிவிட்டது. கலிபோர்னியா 2020ல் சொந்தமாக ஒன்று கொண்டுவந்தபோது, மூன்று மாதம் வரையிலான இடைவெளிக்கும் விலக்கு கொடுத்தது. அந்த ஒரு நாள் பிரச்சினை இங்கே இல்லை.

சமையல்காரர் 2019 பிப்ரவரியில் மறுபடி வந்தார். அதே மஞ்சள் உறை. டபிள்யூ-2வோடு, ஒபாமாகேர் சந்தையில் காப்பீடு எடுத்தவர்களுக்கு வரும் 1095-ஏ படிவமும் நான்காக மடிந்து உள்ளே இருந்தது.