பெரிய நட்சத்திரம் ஏன் சீக்கிரம் சாகுது?

ராக்கோழி:
ரொம்ப நாளா ஒரு டவுட்டு. சூரியனோட மொத்த ஆயுசு சுமார் 1000 கோடி வருஷம், அதுல 460 கோடி முடிஞ்சிருச்சு. ஆனா சூரியனை விட 20 மடங்கு நிறை உள்ள நட்சத்திரம் கிட்டத்தட்ட ஒரு கோடி வருஷத்துலயே முடிஞ்சிடும்னு படிச்சேன். எரிபொருள் 20 மடங்கு இருக்குல்ல, அப்ப 20 மடங்கு காலம் ஓடணுமே, எங்க இடிக்குது?

துருவன்:
எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாக்காதீங்க, எவ்வளவு வேகமா செலவாகுதுன்னு பாருங்க. நிறை கூடக்கூட உள்நோக்கி அமுக்குற ஈர்ப்பும் கூடும், அதைத் தாங்கணும்னா மையத்துல அழுத்தம் வேணும், அழுத்தத்துக்கு வெப்பம் வேணும். சூரியனோட மையம் சுமார் 1.5 கோடி டிகிரி. அதை விட சூடான பெரிய நட்சத்திரங்கள்ல கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் உதவியோட ஹைட்ரஜன் எரியுற (அதாவது அணுக்கருக்கள் இணையுற) சுழற்சி தான் முக்கியமா நடக்குது, அது வெப்பத்துக்கு பயங்கரமா ரியாக்ட் பண்ணும், வெப்பம் 10 சதவீதம் ஏறினாலே வேகம் நாலஞ்சு மடங்கு ஆயிடும். நீங்க சொன்ன 20 மடங்கு நட்சத்திரம் சூரியனை விட பல்லாயிரம் மடங்கு பிரகாசமா இருக்கும், வெளிய போற அந்த சக்தி முழுக்க மையத்துல இருந்து தான் வரணும். வரவு 20 மடங்கு, செலவு பல்லாயிரம் மடங்கு, அவ்ளோதான் கணக்கு.

நெபுலா:
இதோட மறுபக்கம் தான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். ப்ராக்ஸிமா செண்டாரி மாதிரி குட்டி சிவப்புக் குள்ளன்கள் இருக்கே, சூரியன்ல எட்டுல ஒரு பங்கு நிறை தான். சூரியன் தன்னோட ஹைட்ரஜன்ல மையத்துல இருக்குற சுமார் 10 சதவீதத்தை எரிச்சதுமே வீங்க ஆரம்பிச்சிடும், மேல இருக்குற சரக்கு உள்ள கலக்கவே கலக்காது. குள்ளன் அப்படி இல்ல, மொத்த நட்சத்திரமும் மேலயும் கீழயும் புரண்டுகிட்டே இருக்கும், அதனால ஏறக்குறைய எல்லா ஹைட்ரஜனும் பயன்படும். ஆயுசு லட்சம் கோடி வருஷக் கணக்குல போகும். பிரபஞ்சத்துக்கே வயசு 1380 கோடி தான், அதனால இதுவரைக்கும் ஒரு சிவப்புக் குள்ளன் கூட வயசாகி செத்ததில்ல!

ராக்கோழி:
செம, புரிஞ்சிருச்சு, ரெண்டு பேருக்கும் நன்றி. அப்ப திருவாதிரை? 2019 கடைசில மங்கினப்ப இப்பவே வெடிக்கப் போகுதுன்னு எல்லாரும் சொன்னாங்களே?

துருவன்:
அது தூசி. நட்சத்திரம் பெரிய வாயுக் கட்டி ஒண்ணைத் துப்பிச்சு, அது குளிர்ந்து தூசியாகி நம்ம பார்வையை மறைச்சது, 2020லயே பழைய பிரகாசம் திரும்பிருச்சு. அது சிவப்புப் பெருமீன் கட்டத்துல, அதாவது கடைசிக் காலத்துல வீங்கிச் சிவந்த பெரிய நட்சத்திரமா இருக்கு, ஹீலியம் எரிச்சுட்டு இருக்குன்னு தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. அப்புறம் கார்பன், நியான், ஆக்சிஜன், சிலிக்கான்னு போகும், போகப்போக பொதுவா காலம் குறைஞ்சுகிட்டே வரும், சிலிக்கான் கட்டம் சில நாள்ல முடிஞ்சிடும். கடைசில இரும்பு, அதை இணைச்சா சக்தி வராது, தாங்க எதுவும் இல்லாம போகும். 1930ல இயற்பியலாளர் சந்திரசேகர் 19 வயசுல கப்பல்ல போறப்ப கணக்கு போட்டாரே, அதுக்கு மேல போனா தன் எடையைத் தாங்காதுங்கற சுமார் 1.4 சூரிய நிறை எல்லை, அதை இரும்பு மையம் எட்டினதும் ஒரு செகண்டுக்குள்ள உள்ளுக்குள்ளயே சரியும்.

நெபுலா:
சரியுற அந்த நேரத்துல நியூட்ரினோ, அதாவது எதுலயும் அவ்வளவா மோதாம ஊடுருவிப் போற குட்டித் துகள், தான் முதல்ல வெளிய வரும். 1987 பிப்ரவரில பக்கத்து கேலக்ஸில ஒண்ணு வெடிச்சப்ப, வெளிச்சம் தெரியுறதுக்கு சில மணி நேரம் முன்னாடியே ஜப்பான்ல கமியோகாண்டேங்கற டிடெக்டர் அந்த நியூட்ரினோக்களைப் பிடிச்சது. திருவாதிரைக்கும் அப்படித்தான், கண்ணுக்கு முன்னாடி டிடெக்டருக்குத் தெரிஞ்சிடும்.