‘கிரேக்கத் தன்னாட்சி மாவட்டம்’: சொல் பொருந்துகிறதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சோவியத் ஒன்றியத்தில் 1930களில் கிரேக்கர்களுக்கென இருந்த ஒரு நிர்வாகப் பகுதியைப் பற்றிய நம் கட்டுரைக்கு, ‘கிரேக்கத் தன்னாட்சி மாவட்டம்’ என்று ஐயா தந்த தலைப்பு காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ‘தன்னாட்சி’, ‘மாவட்டம்’ இரண்டுமே இடிக்கின்றன.

‘மாவட்டம்’ எளிது, முடித்துவிடுவோம். சோவியத்தில் கிராய் அல்லது ஓப்லஸ்து என்ற பெரிய மாகாணங்களுக்குக் கீழே ரயோன் என்ற சிறு பிரிவு, அதற்கும் கீழே ஊர்ச் சோவியத்துகள், அதாவது ஊர் மன்றங்கள். ரயோனுக்கு ‘வட்டாரம்’ போதும். வட்டார வளர்ச்சி அலுவலர் என்று அன்றாடம் புழங்கும் சொல்தானே.

‘தன்னாட்சி’தான் சிக்கல். தன்னாட்சிக் குடியரசு, தன்னாட்சி ஓப்லஸ்து என்று அங்கே சட்டப்படி தனி வகைகள் இருந்தன. 1930 இல் வடகாக்கசஸ் கிராயில், இன்றைய கிரிம்ஸ்க் நகர்ப் பகுதியில் அமைந்த கிரேக்க ரயோன் அவற்றில் சேராது. ரஷ்ய மொழியில் அது ‘நத்ஸியனால்னி ரயோன்’, சொல்லுக்குச் சொல் ‘தேசிய ரயோன்’. தாய்மொழிப் பள்ளி உண்டு, கிரேக்க மொழியில் அச்சும் உண்டு. எழுத்தையே திருத்தி 20 எழுத்தாகக் குறைத்தார்கள். ‘உம்’ என்ற பொருளில் வரும் ‘கே’ என்ற சொல்லை மூன்றெழுத்தில் எழுதியது போய் இரண்டெழுத்தில் எழுதினார்கள். மொழிக்கு இவ்வளவு இடம் தந்தவர்கள் அதிகாரத்தை மட்டும் கையைவிட்டு விடவில்லை. 1937 டிசம்பரில், உள்துறைக் காவலான என்.கே.வி.டி.யின் தலைவர் எஷோவின் ஆணையோடு கிரேக்கர்களைக் கைதுசெய்யத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1938 இல் ரயோனும் கலைந்தது. இல்லாத ஆட்சியை நாம் சொல்லில் கொடுத்துவிட்டால், எட்டே ஆண்டில் அது எப்படித் தடமில்லாமல் போனது என்பது வாசகருக்குப் புரியாது.

‘தேசிய வட்டாரம்’ என்பதையும் ஏற்க மாட்டேன். தேசிய நெடுஞ்சாலை, தேசியப் பூங்கா என்று பழகிய நமக்கு அது நாடு முழுமைக்கும் உரியதாகப் படும், பொருள் நேர்மாறாகிவிடும். ‘இனவட்டாரம்’ சுருக்கம்தான், ஆனால் தனியே நிற்கும் ‘இனம்’ குருதி வழியை நினைவூட்டுகிறது. தமிழ் இடதுசாரி எழுத்தில் நெடுநாளாக வேரூன்றிய ‘தேசிய இனம்’ இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஆகவே என் பரிந்துரை: தேசிய இன வட்டாரம். உக்ரைனில் மரியுபோல் பக்கத்தில் இருந்த சர்த்தானா, மங்குஷ் கிரேக்க வட்டாரங்களுக்கும், அங்கேயே இருந்த ஜெர்மானிய, யூத வட்டாரங்களுக்கும் இதுவே செல்லும். கட்டுரைத் தலைப்பு ‘கிரேக்கத் தேசிய இன வட்டாரம்’ என்றாகும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான, அந்தந்தத் தேசிய இனத்தின் மொழியையும் ஆட்களையும் உள்ளூர் நிர்வாகத்தில் முன்னிறுத்திய ‘கொரெனிசாத்ஸியா’ கொள்கைக்கும் ஒரு சொல் வேண்டும். ‘கோரென்’ என்றால் வேர். ‘வேரூன்றாக்கம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன், நாக்கில் புரளவில்லை. இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.