மலையகப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் கதைப் புத்தகமும் வேண்டும்

கிருஷ்ணகிரி சொந்தங்களுக்கு அன்பு வணக்கம்.

எங்கள் சபை வாலிபர் கூட்டத்திலிருந்து கல்லூரி மாணவர்கள் 9 பேர் மே மாதம் ஊழியத்துக்காக இலங்கை நுவரெலியா பக்கம் போகிறோம். தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் மாலை வகுப்பு எடுப்போம், பாலர் பள்ளிக்கு வெள்ளையடிப்போம். வெள்ளைக்காரர் காலத்தில் நம் ஊர்ப்பக்கங்களிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள் அவர்கள். இன்றும் பல குடும்பங்கள் லயன் அறைகளில்தான் (தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகள்) இருக்கின்றன. பேச்சும் படிப்பும் தமிழ்தான்.

நமக்கு மே என்றால் மாம்பழமும் வெயிலும். அங்கே 6,000 அடிக்கு மேல், ராத்திரி நன்றாகக் குளிரும். அதனால் 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான ஸ்வெட்டர் இருந்தால் கொடுங்கள். பழசானாலும் சரி, பித்தான் போயிருந்தால் அம்மா தைத்துத் தருகிறார். நேற்று ஒரு அக்கா கொடுத்த சிவப்பு ஸ்வெட்டரின் பைக்குள் பாதி தேய்ந்த சிலேட்டுக் குச்சி இருந்தது. எடுக்க மனசு வரவில்லை, அப்படியே மடித்து வைத்திருக்கிறேன்.

தமிழ்க் கதைப் புத்தகங்களும் வேண்டும், படம் நிறைய இருந்தால் ரொம்ப நல்லது. பணம் வேண்டாம், டிக்கெட்டுக்குச் சேர்த்துவிட்டோம்.

அப்புறம், இலங்கை போய்வந்த அண்ணன்மார் யாராவது ஈடிஏ (இலங்கை போக ஆன்லைனில் வாங்கும் பயண அனுமதி) விண்ணப்பம் பற்றிச் சொல்லித்தர முடியுமா? எங்களில் யாருமே இதுவரை விமானம் ஏறியதில்லை. ஸ்வெட்டரோ புத்தகமோ கொடுப்பதாக இருந்தாலும் கமெண்டில் சொல்லுங்கள், ஓசூர், பர்கூர் வரை நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.