ஊசி போடப் போன இடத்தில் டாக்டர் வேறு என்ன கண்டுபிடித்தார்?

தாம்பரம் லேப்

எங்கள் வீட்டு லேப்ரடாருக்கு எட்டு வயது. வருடாந்திரத் தடுப்பூசிக்கு இந்த முறை வழக்கமான டாக்டர் ஊரில் இல்லை. அதனால் பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் க்ளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த பெண் மருத்துவர் ஊசியைத் தொடவே இல்லை. முதலில் எடை பார்த்தார். அப்புறம் தலையிலிருந்து வால் வரை இரண்டு கையாலும் அழுத்தித் தடவிக்கொண்டே போனார். தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், முழங்காலுக்குப் பின்னால் எல்லாம் விரலால் நெருடினார். எங்காவது நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாராம். உதட்டைத் தூக்கி ஈறை ஒரு அழுத்து. வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும் என்றார். காதை மடக்கி மோந்துகூடப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்திருக்கும்போதே இன்னொரு கை நாயின் தொடையின் உள்பக்கம் நாடி பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்களாம்.

விலாவில் கை வைத்ததும், "எலும்பு தட்டுப்படவே மாட்டேங்குதே, என்ன கொடுக்கிறீங்க?" என்றார். வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிஸ்கட் கொடுப்பவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்து முன்னங்கால் அக்குளுக்குப் பக்கத்தில் அவர் கை நின்றது. நெல்லிக்காய் அளவுக்கு மெத்தென்று ஒரு கட்டி. தினமும் கொஞ்சுகிற நாய்தான், அந்த ரோமத்துக்குள் யாருக்கும் அது தட்டுப்படவில்லை. மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வெறும் கொழுப்புக் கட்டி. வயதான லேப்ரடார்களுக்குச் சகஜமாக வருவது. இருந்தாலும் எந்த இடம், என்ன அளவு, என்ன தேதி எல்லாவற்றையும் கார்டில் எழுதினார். பெரிதானாலோ கெட்டிப்பட்டாலோ அடுத்த வருடம் வரை காத்திருக்காமல் கூட்டி வரச் சொன்னார். அதற்கப்புறம்தான் தடுப்பூசி. அதற்கு ஆனது அரை நிமிடம்.

எனக்கென்னவோ அன்று கொடுத்த பணம் அந்த அரை நிமிடத்துக்கு முன்னால் நடந்ததற்குத்தான் என்று தோன்றுகிறது. உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்களேன். நாய் என்று இல்லை, எந்தப் பிராணியானாலும் சரி.

பூனைவீடு, கோவை

எங்களுக்கு நடந்தது எடை மெஷினில். பதினோரு வயதுக் கடுவன் பூனை. சாப்பிடும், தூங்கும், ஜன்னலில் உட்கார்ந்து அணிலை முறைக்கும், ஒரு குறையும் தெரியவில்லை. வெறிநோய் ஊசிக்குக் கூடையில் போட்டுக் கொண்டுபோனோம். 4.1 கிலோ இருந்தது. டாக்டர் கார்டைப் புரட்டி, போன வருடம் 4.6 என்று காட்டினார். "அரை கிலோதானே டாக்டர், வெயில் காலம்" என்றார் என் மாமியார். அதற்கு டாக்டர், "அறுபது கிலோ ஆள் ஆறரைக் கிலோ இளைச்சா வீட்ல சும்மா இருப்பீங்களாம்மா?" என்று கேட்டார்.

ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். சிறுநீர் நீர்த்துப்போய் இருந்தது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் கொஞ்சம் ஏறியிருந்தது. சிறுநீரகக் கோளாறின் ஆரம்பம். வயதான பூனைகளுக்கு அடிக்கடி வருவதுதான், ஆனால் பூனை தன் நோவை மறைத்துக்கொள்ளும். நமக்குக் கண்ணில் படும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். பூனைக்கும் பிபி பார்ப்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வாலில் பட்டையைச் சுற்றினார்கள், அதுவும் ஏதோ மகாராஜா போல உட்கார்ந்திருந்தது. இப்போது பாஸ்பரஸ் குறைந்த உணவு, ஈரமான உணவு, வீட்டில் மூலைக்கு மூலை தண்ணீர்க் கிண்ணம். நன்றாக இருக்கிறது. அந்த 4.6 கார்டில் இல்லாவிட்டால் 4.1-க்கு ஒரு அர்த்தமும் கிடையாது. அதனால் யார் ஊசி போட்டாலும் எடையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. கிளம்பும்போது, "தெள்ளுப்பூச்சிக்கு என்ன போடறீங்க?" என்று கேட்டார். கீழ்வீட்டில் நாய் இருக்கிறது, அவர்கள் தங்கள் சொட்டு மருந்தில் மிச்சத்தைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள் என்றேன். டாக்டர் முகமே மாறிவிட்டது. நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போய்விடும். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று நாம் போடும் பாராசிட்டமாலும் பூனைக்கு விஷம்தான்.

சிப்பிப்பாறை, மதுரைப் பக்கம்

எங்கள் ஊரில் க்ளினிக் எல்லாம் கிடையாது, மாட்டாஸ்பத்திரிதான். காலையில் போனால் சினை ஊசிக்கு நிற்கும் மாடுகள், நாலைந்து வெள்ளாடு, நடுவில் கயிற்றோடு என் நாய்க்குட்டி. டாக்டர் மாட்டுக்குப் போட்ட கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து, குட்டியின் கண் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "என்னப்பா, வெளுத்துக் கிடக்கு? வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கு. பூச்சி மருந்து எப்ப கொடுத்த?" கொடுக்கவே இல்லை, முந்தின நாள்தான் தோட்டத்திலிருந்து வாங்கி வந்தது என்றேன்.

கொக்கிப்புழு என்றார். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்குமாம். தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும், அதனால்தான் பிறந்து இரண்டு வாரத்திலேயே பூச்சி மருந்தை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். அப்புறம் மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, வளர்ந்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மருந்து எடைக்குத் தகுந்த அளவு. அங்கே குட்டிக்குத் தோதான தராசு இல்லை. என்னை எடை மெஷினில் ஏறச் சொன்னார், அப்புறம் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறச் சொன்னார், கழித்துப் போட்டுக் கணக்குப் பார்த்தார். வீட்டில் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

அன்றைக்குத் தடுப்பூசி போடவில்லை. ரத்தம் இல்லாத உடம்பில் ஊசி சரியாகப் பிடிக்காது, தேறட்டும் என்று புழு மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்து அடுத்த வாரம் வரச் சொன்னார். பிறகு கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: "வீட்ல சின்னப் பிள்ளைக செருப்பில்லாம வாசல்ல விளையாடுமா?" நாய் இருந்த மண்ணில் அந்தப் புழுவின் குஞ்சு கிடந்தால் நம் தோலுக்குள்ளும் நுழைந்து அரிப்பெடுக்க வைக்குமாம். நாய்க்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் என் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் ஆட்டோடு நின்ற அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப என் ஆட்டுக்கும் சேர்த்துப் பாருங்க சார்" என்று வரிசையை விட்டு முன்னால் வந்துவிட்டது.

சும்மா கேட்கிறேன்

எல்லாம் சரிதான். எங்கள் தாத்தா வீட்டு நாய் பழைய சோறும் கருவாடும் தின்று வயதாகித்தான் செத்தது. அதற்கு யார் ஊசி போட்டார்கள், யார் எடை பார்த்தார்கள்? இப்போது குட்டி வாங்கினாலே ஊசிக்கு மேல் ஊசி. க்ளினிக்காரர்களுக்கு நல்ல வருமானம் என்பதைத் தவிர இதில் வேறு என்ன இருக்கிறது?

க்ளினிக் உதவியாளர், சேலம்

கேட்க வேண்டிய கேள்விதான். டாக்டரிடம் பல வருடமாக வேலை பார்க்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், உங்கள் தாத்தா காலத்து நாய்க்குப் பார்வோ என்ற நோயே கிடையாது. 1978 வாக்கில்தான் நாய்களிடம் அது தலைகாட்டியது, ஓரிரு வருடத்தில் உலகம் முழுக்கப் பரவியது. ரத்தமாக வாந்தி, ரத்தமாக வயிற்றுப்போக்கு, குட்டி இரண்டு மூன்று நாளில் துவண்டுவிடும். ஒரு குட்டி இறந்த வீட்டு மண்ணில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் இருக்கும். சோப்பு நீருக்கெல்லாம் சாகாது, ப்ளீச்சிங் வேண்டும். இன்னொன்றும் உண்டு. வயதாகிச் செத்த நாய் நம் நினைவில் இருக்கும், அதே ஈற்றில் பிறந்து கண் திறந்த சில வாரத்தில் போன குட்டிகளை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்?

ஏன் இத்தனை ஊசி என்றால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் செயல்படவிடாது. அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவேதான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் தாண்டும்வரை போடுகிறார்கள். கடைசி ஊசி முக்கியம். "நாற்பத்தைந்து நாள் குட்டி, எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அந்த வயதில் எல்லா ஊசியும் போட முடியாது, வெறிநோய் ஊசியே மூன்று மாதத்தில்தான். கார்டைப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், அதில் பேட்ச் எண், காலாவதித் தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் இருக்க வேண்டும். வெறும் தேதியும் டிக் குறியும் மட்டும் இருந்தால் அது கார்டு இல்லை, அட்டை.

உங்கள் சந்தேகத்தில் ஒரு பாதி நியாயம். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற வைரஸ்களுக்குக் குட்டிப் பருவ ஊசிகளும் அடுத்த பூஸ்டரும் ஒழுங்காகப் போட்டிருந்தால், வளர்ந்த நாய்க்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும் என்பதுதான் டபிள்யூ.எஸ்.ஏ.வி.ஏ. என்ற, நாய் பூனை போன்ற சிறு பிராணிகளுக்கான உலகக் கால்நடை மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதல். நம் ஊரில் பெரும்பாலும் எல்லாம் ஒரே குப்பியாக வருடா வருடம் போடுகிறார்கள். இதை டாக்டரிடம் நேராகக் கேட்கலாம், தப்பில்லை. எலிக்காய்ச்சல் ஊசியின் பலம் ஒரு வருடத்துக்கு மேல் நிற்காது, அது வருடா வருடம் வேண்டும். வெறிநோய் ஊசியில் பேரமே பேசாதீர்கள். அறிகுறி வந்துவிட்டால் நாய்க்கும் சரி, மனிதனுக்கும் சரி, வைத்தியம் கிடையாது.

தாம்பரத்துக்காரர் கேட்டதற்கு என் பங்கு. வெறிநோய் ஊசிக்கு வந்த ஒரு நாயை டாக்டர் மல்லாக்கப் படுக்க வைத்து வயிற்றைப் பார்த்தார். குண்டூசி முனை அளவில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். ஈறிலும் இரண்டு. வீட்டுக்காரர், "சூட்டுக் கொப்புளம் சார்" என்றார். ரத்தம் எடுத்தால், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு (ப்ளேட்லெட்) தரைமட்டம். உண்ணிக் காய்ச்சல். "ஒரு உண்ணிகூடக் கண்ணில் படவில்லையே" என்று அவர் சாதித்தார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். நாய் உண்ணி தன் காலத்தில் பெரும்பகுதியைச் சுவர் விரிசலிலும் கட்டில் இடுக்கிலும்தான் கழிக்கும். ரத்தம் குடிக்க மட்டும் நாயின் மேல் ஏறும், முட்டை இடக் கீழே இறங்கிவிடும். நம் வெயிலுக்கு வருடம் முழுக்க அதற்குச் சீசன்தான். அந்த நாய்க்குத் தடுப்பூசியைத் தள்ளி வைத்து, நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பிழைத்தது. மூக்கில் ரத்தம் ஒழுகியபின் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் கதை வேறு.

சும்மா கேட்கிறேன்

மூன்று வருட விஷயத்தை எங்கள் டாக்டரிடம் கேட்கிறேன். பார்வோ பற்றித் தெரியாது, நன்றி. தாத்தா நாய் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்!

முயல் வீடு, திருச்சி

நகம் வெட்டத்தான் போனோம். டாக்டர் முயலின் தாடைக்குக் கீழே ரோமம் ஈரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, காது பார்க்கும் கருவியை வாய்க்குள் விட்டார். கடைவாய்ப் பல் ஒன்று முள் மாதிரி வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது. முயலுக்கு ஆயுள் முழுக்கப் பல் வளரும், புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். நாங்கள் கடையில் சொன்னபடி தீவனக் குச்சியே கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது காய்ந்த புல்தான் பிரதானம். கேரட் என்றால் எப்போதாவது ஒரு துண்டு, படங்களில் வருவதுபோல இல்லை.

நாகர்கோவில் மழை

எங்கள் டாக்டர் நாயைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பற்றிக் கேட்டார். எலி உண்டா, தேங்காய் போட்டு வைக்கும் அறை உண்டா, மழைத் தண்ணீர் தேங்குமா. மூன்றுக்கும் ஆமாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக வருவதுதான் எலிக்காய்ச்சல், நாய்க்கு வந்தால் அதன் சிறுநீர் வழியாக நமக்கும் வரும். முதல் தடவை இரண்டு ஊசி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில். அதன்பின் வருடம் ஒன்று. மழை தொடங்கும் முன் போட்டுவிடச் சொன்னார். ஊசி போட்டதும் உடனே கிளம்ப விடவில்லை. முகம் வீங்கினால் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அரை மணி நேரம் திண்ணையில் உட்கார வைத்தார். எங்கள் நாய் அதற்குள் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது.

ஈரோடு அம்மா

ஒரு சந்தேகம். எங்கள் நாய்க்கு ஊசி எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறோம். விளையாடும்போது பல் பட்டு மகன் கையில் லேசாக ரத்தம் வந்துவிட்டது. தடுப்பூசி போட்ட நாய்தானே, விட்டுவிடலாமா?

க்ளினிக் உதவியாளர், சேலம்

விட்டுவிடாதீர்கள் அம்மா. முதலில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்க வேண்டாம். இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், நாயின் கார்டையும் கையோடு எடுத்துப்போங்கள். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவையா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். தடுப்பூசி முதலில் ஒன்று, அன்றிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாள் கழித்து ஒவ்வொன்று என்று இருக்கும், இலவசம்தான். நாயைப் பத்து நாள் கவனியுங்கள். சாப்பிடாமல் போனாலோ, நடத்தை மாறினாலோ டாக்டருக்கு உடனே சொல்லுங்கள்.