சுண்டெலியில் 28 நாள் சோதனை போதுமா?

நுண்ணோக்கி:
ஒரு சேர்மத்தை ஆண் சுண்டெலிகளுக்கு 28 நாள் கொடுக்கிறார்கள். அப்புறம் பெண் சுண்டெலிகளோடு விடுகிறார்கள். குட்டிகளின் எண்ணிக்கை குறையவில்லை என்றதும் 'ஆண் இனப்பெருக்கத்துக்குக் கேடு இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். சுண்டெலியின் விரையில் ஒரு விந்தணு உருவாகச் சுமார் 35 நாள் ஆகும். விரையை ஒட்டியுள்ள எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயைக் கடந்து முதிர்ச்சி அடைய இன்னும் சில நாள். அப்படியானால் 28ஆம் நாளில் கருவுறச் செய்யும் விந்தணு, முதல் டோஸ் உள்ளே போகும்போதே ஆரம்ப நிலையைத் தாண்டியிருந்த செல்லிலிருந்து வந்தது. விந்தணுக்களுக்கெல்லாம் மூலமான ஸ்டெம் செல்லை மட்டும் அழிக்கும் நஞ்சு அங்கே தெரியவே தெரியாது.

ஆய்வகன்:
கணக்கு சரி, முடிவு சரியில்லை. முழுச் சுழற்சியும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒவ்வொரு சேர்மத்துக்கும் காலமும் விலங்குகளும் வீணாகும். மருந்துச் சோதனை விதிகளை நாடுகளிடையே ஒத்திசைக்கும் ஐசிஎச் அமைப்பின் வழிகாட்டியே, ஒரு மாத நச்சுச் சோதனையில் விரை பாதிக்கப்படவில்லை என்றால், இணைசேர்வதற்கு முன் ஆண் விலங்குகளுக்கு இரண்டு வாரம் மருந்து கொடுத்தால் போதும் என்கிறது. கேடு விந்தணுவில் தெரியும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? செல் செத்தால் விரையின் திசுவிலேயே தெரியுமே.

நுண்ணோக்கி:
அதே வழிகாட்டி திசுவைக் கவனமாகப் பார்க்கச் சொல்கிறதல்லவா? நான் சொல்லும் சோதனையில் திசுவையே பார்க்கவில்லை, குட்டிகளை எண்ணினார்கள். பியூசல்ஃபான் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது முதலில் ஆரம்பநிலைச் செல்களைக் கொல்லும். முன்னேறிவிட்ட செல்கள் பெரும்பாலும் தொடர்ந்து வளரும். கொஞ்ச காலம் விந்தணு வந்துகொண்டுதான் இருக்கும். விரைக்குள் விந்தணு உருவாகும் நுண்குழலை வெட்டிப் பார்த்தால் மட்டுமே, ஆரம்பநிலைச் செல்கள் இருக்கும் அடிவரிசை காலியாகிக் கிடப்பது தெரியும்.

ஆய்வகன்:
அப்படியானால் உங்கள் சண்டை 28 நாளோடு இல்லை, குட்டிகளை மட்டும் எண்ணுவதோடு. அதில் நானும் உங்கள் பக்கம்தான். எலி வகைகளில் விந்தணு தேவைக்கு மிக மிக அதிகமாக உற்பத்தியாகிறது. எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் குட்டிகள் பிறக்கலாம். மனித ஆணிடம் அந்த உபரி இல்லை. எனவே விரையின் எடை, விந்தணு எண்ணிக்கை, நகரும் திறன், வடிவம், திசு எல்லாம் வேண்டும். ஆனால் திசு நன்றாக இருந்தால் 28 நாள் போதும் என்பதை விட மாட்டேன்.

கருவண்டு:
இருவரும் நாட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். விலங்கே தவறாக இருந்தால்? மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கொல்லப் பயன்பட்ட டிபிசிபி என்ற நஞ்சை நினைத்துப் பாருங்கள். அது எலிகளின் விரையைச் சுருக்குகிறது என்று 1961லேயே ஆய்வு வெளியானது. 1977ல் கலிஃபோர்னியாவில் அதைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள் பலருக்கு விந்தணு இல்லை என்று தெரிந்தது. எச்சரிக்கை 16 ஆண்டு காகிதத்தில் கிடந்தது! அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. ஆனால் அதே டிபிசிபிக்குச் சுண்டெலியின் விரை எலியைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. சுண்டெலியை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் அந்த எச்சரிக்கைகூட வந்திருக்காது. பருத்தி விதையில் உள்ள காசிபாலும் அப்படியே: மனிதனில் விந்தணுவைக் குறைக்கிறது, சுண்டெலி அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை.

ஆய்வகன்:
அதற்காகச் சுண்டெலியையே தூக்கி எறிய முடியாது. மரபணுவை மாற்றி, நஞ்சு எந்த வழியில் வேலை செய்கிறது என்று பார்க்க அதைவிட வசதியான விலங்கு இல்லை.

கருவண்டு:
வழிமுறையை அறிய வைத்துக்கொள்ளுங்கள். 'கேடில்லை' என்று சான்று கொடுக்க மட்டும் வேண்டாம். அதற்கு எலியிலும் பார்க்க வேண்டும்.

நுண்ணோக்கி:
இதில் கருவண்டு பக்கம் நான். ஆய்வகன், ஒன்றே ஒன்று: நல்ல திசு என்றீர்களே, விரையை வெறும் ஃபார்மலினில் போட்டால் நுண்குழல்கள் சுருங்கி, நஞ்சு செய்ததா, பதப்படுத்தல் செய்ததா என்றே சொல்ல முடியாது. விரைத் திசுவுக்கு ஏற்ற பதப்படுத்தும் கரைசல்களான பூவான் கரைசலிலோ மாற்றியமைத்த டேவிட்சன் கரைசலிலோ போட்டார்களா என்பதை அறிக்கையில் முதலில் தேடுங்கள். அது இல்லையென்றால் 28 நாளுக்கு நான் ஒப்ப மாட்டேன்.